கிராஞ்சிக்குப் போன எச்சில் இலை

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஸ்டெல்லா போன் செய்தாள். அந்த நேரத்தில் போன் அடித்தாலே எனக்குப் பயம். யாருக்கு என்ன ஆச்சோ?

"அக்கா... புழு எல்லாம் சுவத்துல ஏறுது. தொட்டிய விட்டு வெளிய போகுது!"

பல் தேய்த்துக்கொண்டிருந்த என் கணவர் 'என்ன?' என்று சைகையில் கேட்டார். "புழு" என்றேன். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டார்.

இந்தப் பத்தியைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக... நான் தொழிலில் ஆர்க்கிடெக்ட். இருபத்தாறு வருஷமாக நான் வரைந்ததில் முக்கால்வாசி அடுக்குமாடி கார் பார்க்குகள். அதில் ஒரு நிம்மதி உண்டு. காருக்குப் பசிக்காது.

ஸ்டெல்லா ஃபேரர் பார்க்கில் எங்களுக்கு அடுத்த புளோக். நுண்ணுயிரியல் படித்தவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவாள், மற்ற ஆறு நாளும் புழுவைப் பற்றிப் பேசுவாள். நல்ல லேப் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷமாக ஒரே கனவோடு திரிகிறாள். தீவின் வடகோடியில், கிராஞ்சியில் ஒரு பண்ணை வளாகம்!

எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கிற தேக்கா வட்டாரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் மிச்சமாவது எல்லாம் அங்கே போகும். மெஷினில் அரைத்துப் போட்டால் ஒருவகைக் கறுப்பு ஈயின் புழுக்கள் அதைத் தின்னும். புழுவை மீனும் காடையும் தின்னும். மீன் தொட்டித் தண்ணீரும் புழு எருவும் கங்கோங் கீரைக்கு. மீன், முட்டை, கீரை எல்லாம் மறுபடி தேக்காவுக்கே. எதுவும் வீணாகாது. இந்தக் குட்டித் தீவில் நாம் சாப்பிடுகிற மீனுக்கும் முட்டைக்கும் எத்தனை நாள்தான் கப்பல் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருப்பது?

வளாகத்தை வரைந்தது நான். அழகான வட்டம், கலர் கலராக அம்புக்குறிகள். பார்த்தவர்கள் எல்லாம் "சூப்பர்" என்றார்கள். சரிதான் போலிருக்கிறது என்று நானும் நம்பிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நிலம் ஒதுக்குகிற அதிகாரிகள் வருவதாக இருந்தது. கிராஞ்சியிலேயே ஒரு தற்காலிக ஷெட்டில் அவர்களுக்கு இதைச் சின்ன அளவில் ஓட்டிக்காட்ட வேண்டும். திருப்தி என்றால் நிலம் ஸ்டெல்லாவுக்கு. இல்லையென்றால் அடுத்து விண்ணப்பித்திருப்பவருக்கு. இந்த நிலைமையில் புழு ஓடுகிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

பஸ்ஸை நம்பினால் வெள்ளிக்கிழமைதான் போய்ச் சேருவேன் என்று டாக்சி பிடித்தேன். காற்றோட்டத்தைத் தப்பாகப் போட்டுவிட்டேனா? சூடு அதிகமா? என்னால் இந்தப் பெண்ணின் இரண்டு வருஷம் மண்ணாகப் போகிறதா?

ஷெட்டில் ஸ்டெல்லா தரையில் மண்டிபோட்டு, அரைக்கிற மெஷினுக்குள் முழங்கை வரை கையை விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். பச்சையாக, கயிறு மாதிரி வந்துகொண்டே இருந்தது.

வாழையிலை.

மூன்று மாதமாக எங்கள் இரண்டு வீட்டு மிச்சத்தைப் போட்டுத்தான் மெஷினைச் சோதித்தோம். வீட்டில் நாங்கள் தட்டில் சாப்பிடுகிறவர்கள். திங்கட்கிழமைதான் முதன்முறையாக ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து டிரம் டிரம்மாக வந்திருக்கிறது. இலை நார் உள்ளே சுற்றிக்கொண்டு மெஷின் நின்றுவிட்டது. சரி என்று ஸ்டெல்லா இலைகளை எல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைப் புழுவுக்குப் போட்டிருக்கிறாள்.

மிச்சம் என்ன? ரசமும் மோரும்! சாப்பிட்டு முடித்ததும் நாம்தான் இலையை மடித்துவிட்டு எழுந்திருக்கிறோமே... சோறு, பொரியல், மீன் துண்டு எல்லாம் மடிப்புக்குள் பத்திரமாகக் குப்பைக்குப் போய்விட்டது. பட்டினி ஒரு பக்கம், தொட்டி முழுக்க ஈரம் ஒரு பக்கம். புழு கிளம்பிவிட்டது.

"அக்கா, நீங்களும் தமிழ், நானும் தமிழ். இலைன்னு ஒண்ணு இருக்கிறதே நமக்குத் தோணலையே லா!" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கழிவைக் கிலோ கணக்கில் எடை போட்டோம், ஈரப்பதம் பார்த்தோம். அது எந்த ரூபத்தில் வரும் என்று யோசிக்கவில்லை. இருபது வருஷமாக நான் சாப்பிடுகிற கடை அது! வெட்கமாக இருந்தது.

மத்தியானம் அந்தக் கடைக்கே போனேன். முதலாளி ராஜேந்திரன் அண்ணன் என்னைப் பார்த்ததும் இலை போடச் சொல்லிவிட்டார். சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அனுப்புவதற்கு முன்னால் இலையைப் பிரித்து, சாப்பாட்டைத் தனியாக வழித்துக் கொடுக்க முடியுமா?

"தங்கச்சி, நல்ல விஷயந்தான். ஆனா அடுத்தவங்க மடிச்ச எச்சில் இலைய யாரு பிரிப்பா? என் ஆளுங்ககிட்ட சொன்னா நாளைக்கு ஒருத்தன் வேலைக்கு வரமாட்டான்."

"அப்ப இலைய மடிக்காதீங்கன்னு ஒரு போர்டு வைக்கலாமே அண்ணே?"

"நல்லா கேட்டீங்க போங்க! மடிக்காம எந்திரிச்சா சாப்பாடு பிடிக்கலைன்னு அர்த்தம். என் கடைல நானே அப்படி போர்டு வைக்கவா?"

"ரெண்டு வாரம் பழகினா ஜனங்களுக்குச் சரியாப் போயிடும் அண்ணே..."

"மொதல்ல உங்க இலைய பாருங்க தங்கச்சி."

பார்த்தேன். எப்போது மடித்தேன் என்றே தெரியவில்லை. கச்சிதமாக மடித்து வைத்திருந்தேன். உள்ளே பாதிப் பாகற்காய் வேறு.

புதனும் வியாழனும் ஷெட்டில் நானும் ஸ்டெல்லாவுமே உட்கார்ந்து இலையைப் பிரித்தோம். கையுறை, மாஸ்க் எல்லாம் உண்டு. இருந்தாலும் முதல் இலையைப் பிரித்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. யாரோ மென்று துப்பிய முருங்கைக்காய். ஓடிப்போய்விடலாமா என்று நினைத்தேன் — பொய் சொல்வானேன்? ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சர்ச் பாட்டை முணுமுணுத்தபடி பிரித்துக்கொண்டே இருந்தாள். அவளை விட்டுவிட்டு எப்படிப் போவது? ஐம்பதாவது இலைக்கு மேல் மூக்கு பழகிவிட்டது. இடுப்புதான் பழகவில்லை.

வியாழன் சாயங்காலம் புழுக்கள் தொட்டிக்குள்ளேயே இருந்தன. நெளிந்து நெளிந்து தின்றுகொண்டிருந்தன. அதைப் பார்த்து எங்கள் இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. புழுவைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர்! சொன்னால் யாராவது நம்புவார்களா?

வெள்ளிக்கிழமை மூன்று அதிகாரிகள் வந்தார்கள். மெஷின் ஓடியது. மீன்கள் புழுவைக் கவ்விக்கொண்டு போயின. காடைகள் சமர்த்தாக இருந்தன. இலைப் பிரச்சினையையும் மறைக்காமல் சொன்னோம். எல்லாம் நன்றாக நடந்தால்தான் எனக்குப் பயம் அதிகம்.

மூவரில் வயதான ஒரு சீனப் பெண்மணி மட்டும் என் வரைபடத்தின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார்.

"நாளைக்கு இருபது கடையிலிருந்து இலை வரும். யார் பிரிப்பார்கள்?"

"ஆறு பேரை வேலைக்கு எடுப்போம்" என்றாள் ஸ்டெல்லா.

"சரி. அவர்கள் எங்கே சாப்பிடுவார்கள்?"

நான் வரைபடங்களைப் புரட்டினேன். புழுவுக்குச் சூடு ஏறாமல் இருக்கத் தனி அறை. சத்தம் கேட்டால் காடை மிரளும் என்று அதற்கு இரட்டைச் சுவர். கரண்ட் போனால் மீனுக்கு மூச்சுத் திணறக் கூடாது என்று மாற்று ஏற்பாடு. மனிதர்களுக்கு? ஒரு சாம்பல் நிற நடைபாதை. கழிப்பறைகூட வாசல் பக்கம், பார்வையாளர்களுக்கு மட்டும்.

"நேற்று நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்?" என்றார் அவர்.

நானும் ஸ்டெல்லாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரோட்டோரமாக நின்றுகொண்டே ரொட்டி தின்றிருந்தோம்.

திருத்தி வரைந்துகொண்டு வர இரண்டு வாரம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை நிலத்தை வேறு யாருக்கும் தரமாட்டார்களாம்.

டாக்சியில் திரும்பும்போது ஸ்டெல்லா சொன்னாள். "அந்த ரோட்டுல டெய்லி பாக்குறேன்க்கா. லாரில வேலைக்கு வர்ற ஆளுங்க மத்தியானம் புல்லுல உக்காந்துதான் பொட்டலத்தைப் பிரிக்கிறாங்க. பாத்துட்டேதான் போறேன். ஒரு நாளும் எனக்கு உறைக்கலை."

எனக்கு மட்டும் உறைத்ததா? ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாகாமல் கணக்குப் போட்டு வரைந்தவள் நான். வேலை செய்கிறவர் கை கழுவ ஒரு குழாய் வரையவில்லை. எது எதைத் தின்னும் என்று அம்புக்குறி போட்டுக்கொண்டே வந்ததில், அம்புக்குறிக்கு நடுவில் ஓர் ஆள் நிற்பார் என்பதே எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன். நிழலும் மின்விசிறியுமாக ஒரு சாப்பாட்டு அறை, கை கழுவ இடம், கழிப்பறை, படுத்து எழுந்திருக்க ஒரு பெஞ்சு, இலை பிரிக்கிறவர்களுக்கு முதுகு சாய்க்கிற நாற்காலி ஆறு. நிலம் கையளவுதான். இவ்வளவும் அடங்க வேண்டுமானால் ஒரு மீன் தொட்டி போக வேண்டும்.

ஸ்டெல்லாவிடம் பயந்துகொண்டே கேட்டேன். "எடுத்துடுங்கக்கா" என்றாள், யோசிக்கவே இல்லை.

தொட்டி குறைந்தால் மீன் குறையும். மீன் குறைந்தால் இவ்வளவு புரதம் தருவோம் என்று விண்ணப்பத்தில் எழுதிக்கொடுத்தது என்னாவது? அதைக் காரணம் காட்டியே நிலம் இல்லை என்று சொல்லிவிட்டால்? மூன்று ராத்திரியாகச் சரியான தூக்கம் இல்லை, மீன் தொட்டியைப் போட்டுப் பார்க்கிறேன், எடுத்துப் பார்க்கிறேன்.

அந்த ஆறு நாற்காலிகளை மட்டும் இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.