விரிசல் தொட்டி அறுபது

"அப்பா, கம்பெனியில நீ இன்னா வேல செய்வ?" என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்பீர்கள். தட்டிப் பார்க்கிற வேலை என்றால் சிரிப்பீர்கள். அந்த வேலையால் நான் மாட்டிக்கொண்ட கதையை எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

1. வேன் கிளம்பியது

விருத்தாசலத்தில் எங்கள் யூனிட்டில் பூந்தொட்டி, ஜாடி, கப் எல்லாம் போடுவோம். கில்ன் என்கிற சூளையில் வெந்து இறங்கிய சரக்கு நேராக என்னிடம் வரும். ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டுவேன். 'டிங்' என்றால் பாஸ். 'டொக்' என்றால் விரிசல். சட்டைப் பையிலிருக்கும் கறுப்பு மார்க்கரை எடுத்துப் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு ஒதுக்குவேன். நாள் முழுக்கத் தட்டினால் கை சொன்ன பேச்சைக் கேட்காது. கல்யாணமான புதிதில் உங்கள் அம்மா சோறு போட்ட தட்டையும் தட்டிவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த ஒரு வருடம் ஆர்டரே இல்லை. கடலூர் தாண்டிக் கடற்கரை ஓரம் பெயர் பெற்ற ஓவியர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டையும் தோட்டத்தையும் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். தோட்டத்துக்கு அவர் தொட்டி தேடுகிறார் என்று முதலாளி காதில் விழுந்தது. சுற்றுலா மாதிரி எங்கள் பன்னிரண்டு பேரையும் வேனில் ஏற்றினார். அவர் மடியில் ஆறு சாம்பிள் தொட்டி வைத்த பெட்டி.

"இந்த ஆர்டரு வந்தாத்தான் கில்ன பத்த வெப்பேன். இல்லன்னா பொங்கல் வரைக்கும் எல்லாரும் வூட்லதான். அங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

தொட்டியை மினுமினுப்புப் பூச்சான கிளேஸில் முக்கும் செல்வி அக்கா, "புளிசோறு கட்டியாந்திருக்கறோம் மொதலாளி. அதுக்காவது தொறக்கலாமா?" என்று கேட்டார்.

2. பெருக்கல் குறி

வீட்டுக்குள் சுவர் முழுக்கப் படங்கள். எல்லாப் படத்திலும் ஒரே வெள்ளை ஜாடிதான் இருந்தது. செல்வி அக்கா என் காதில், "இந்தாளுக்கு வேற சாமானே கெடைக்கலயா?" என்றார்.

தோட்டத்துக்குப் போனோம். செம்பருத்திக்கு நடுவில் அதே ஜாடி, என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. கை போய்த் தட்டியது. 'டொக்' என்றது. அதே கை சட்டைப் பைக்குப் போனது.

முதலாளி திரும்பிப் பார்த்தபோது ஜாடியின் வயிற்றில் பெருக்கல் குறி இருந்தது.

"அடப்பாவி" என்றார்.

செல்வி அக்கா எச்சில் தொட்டு முந்தானையால் துடைத்தார். மார்க்கர் போகவில்லை, ஜாடிதான் பளபளத்தது. தோட்டம் பார்க்கிற அம்மா ஓடி வந்தார். "இன்னாங்க பண்ணீங்க? அந்த விரிசலுக்காகத்தான் ஐயா இத்தினி வருசமா அத வரையறாரு" என்று தலையில் கை வைத்தார்.

சத்தம் கேட்டு ஓவியரே வந்துவிட்டார். லுங்கியில் பெயின்ட். ஜாடியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "யாரு போட்டது?"

"நான்தாங்க. செக்கருங்க. ரிஜெக்டுங்க" என்றேன். பதினோரு பேர் பிழைப்பும் என்னால் போயிற்று என்று மார்க்கரைப் பைக்குள் ஒளித்தேன்.

"ஓ. அப்ப உங்க மொதலாளி கொண்டாந்ததயும் தட்டுங்க, பாப்போம்."

நான்கு தொட்டி 'டிங்'. ஐந்தாவது 'டொக்'. முதலாளி என்னைப் பார்த்த பார்வையின் சூட்டிலேயே ஒரு கில்ன் சரக்கை வேகவைத்து ஒரு ஃபயரிங் முடித்திருக்கலாம். ஆனால் கேட்டது கேட்டதுதான். குறி போட்டேன். ஆறாவது 'டிங்'.

ஓவியர் அந்த ஐந்தாவது தொட்டியை வெயிலில் பிடித்து மயிரிழை மாதிரி ஓடிய கோட்டைப் பார்த்தார். "இது மாதிரி அறுபது குடுங்க. குறியோட. நல்ல தொட்டி எங்கயும் கெடைக்குது."

முதலாளி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு மாதத்தில் தருவதாக ஒத்துக்கொண்டார்.

3. ஒழுங்காக வெந்த சரக்கு

விரிசல் தொட்டி எங்களிடம் எத்தனையோ இருந்தது. அதையெல்லாம் முந்தின வாரம்தான் உடைத்து வாசல் பள்ளத்தில் கொட்டி நிரப்பியிருந்தோம். புதிதாக நூறு தொட்டி போட்டுக் கில்னைப் பற்றவைத்தோம். எப்போதும் நாலில் ஒன்று விரிசல் விடும். இந்த முறை திறந்தால் நூற்றில் மூன்று. அப்படி ஒரு அருமையான ஃபயரிங்கை நான் பார்த்ததில்லை. முதலாளி இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

"கூப்ட்டா வராது மொதலாளி. என் மாமியாரு மாதிரி" என்றார் செல்வி அக்கா.

அடுத்த முறை சூடு ஆறும் முன்பே கதவைத் திறந்தோம். பாதித் தொட்டி இரண்டாகப் பிளந்தது. தொட்டியாகவும் நிற்க வேண்டும், விரிசலும் இருக்க வேண்டும் என்றால் அது எங்கள் கையில் இல்லை. மொத்தம் இருபத்திரண்டு தேறியது. கெடு மறுநாள்.

"மீதிக்கு நல்லதுலயே குறியப் போடுய்யா" என்றார் முதலாளி.

"வரலைங்க."

"இன்னா வரல?"

"கை வரலைங்க. டிங்குன்னு சொல்லுதுங்க."

முதலாளி மார்க்கரைப் பிடுங்கி, முப்பத்தெட்டுக்கும் அவரே போட்டார். அவர் போட்ட குறி கோணலாக இருந்தது.

சரக்கை இறக்கியதும் ஓவியர் விரல் முட்டியை மடக்கினார். அன்று என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஒவ்வொன்றாகத் தட்டினார். முப்பத்தெட்டையும் தனியாக ஒதுக்கினார்.

"இதெல்லாம் நல்லா இருக்குது. எடுத்துட்டுப் போங்க" என்றார். முதலாளி குனிந்து அவற்றைத் திரும்ப அடுக்கத் தொடங்கினார். அப்புறம் ஓவியரே, "அவசரம் இல்ல. விரிசல் விடறப்ப விடட்டும். அப்பப்ப கொண்டாங்க" என்றார்.

மீதி முப்பத்தெட்டு விரிசலைத் தேடுகிறோம் என்று பொங்கல் வரை கில்ன் அணையவே இல்லை. நடுவில் வந்த நல்ல தொட்டியெல்லாம் செடி விற்கிற நர்சரிக்குப் போயிற்று. பன்னிரண்டு பேருக்கும் வேலை இருந்தது. ஒரு தொட்டி "டொக்" என்றால் யூனிட்டே கை தட்டும்.

என் வேலையில் எத்தனையோ லோடு ரிட்டர்ன் வந்திருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று ரிட்டர்ன் வந்தது அது ஒன்றுதான். வேலைக்குப் போகிற இடத்தில் உங்களையும் ஒரு நாள் பொய்க் குறி போடச் சொல்வார்கள். மரியாதையாகச் சொல்லுங்கள், கை வரலைங்க என்று. அடுத்தவர் வீட்டுக்குப் போனால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.