கடல் வற்றிய பள்ளத்தாக்கில்

காலை ஆறு இருபது. கூடாரத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது அண்ணையின் தொப்பி. காலணியின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரேயொரு தண்ணீர்ப் போத்தல்.

மொன்றியலின் லாசாலில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தவர். வேலை ஜான்-டலோன் சந்தையில். ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலத்தில் நடக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்த செப்டெம்பரில் அவரும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும், நானுமாக மொன்றியலிலிருந்து விமானம் ஏறி, பிறகு வாடகைக் காரில் நெவாடாப் பாலைவனத்தின் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்திருந்தோம்.

முதல் நாள் பின்னேரம் பாறைகளில் சிப்பிகளைப் பார்த்தோம். விரல் நகமளவில், வரிவரியாக, கல்லோடு கல்லாகிக் கிடந்தன. அண்ணை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார்.

"மொன்றியலில டொலார்ட் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டால் நேரமில்லை. கல்லுத் தடவ மட்டும் நேரமிருக்கு" என்றார் அக்கா.

அன்று காலை, கயிற்றைக் கட்டி முடித்து அவர் புறப்பட்டபோது, "அண்ணை, எங்க..." என்று தொடங்கினேன். அக்கா முறைத்தார்.

"வெளிக்கிடேக்கை அப்பிடிக் கேக்கிறதே?" பிறகு வழக்கப்படி அவரிடம், "தூரமோ?"

"இல்லையப்பா, கிட்டத்தான். தேத்தண்ணி ஆறமுந்தி வந்திடுவன்."

"ஆறினாலும் நீங்கள்தான் குடிக்கோணும்."

பெரிய பாறையைச் சுற்றிக்கொண்டு மறைந்தார். அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு மூன்றாகப் பிரிந்தது.

மத்தியானமாகியும் அவர் வரவில்லை. தரை சுட்ட ஓடுபோல் இறுகியிருந்ததால் காலடி எதுவும் பதிந்திருக்கவில்லை. தொண்டை அடைக்கும்வரை கூப்பிட்டோம். கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்கவில்லை. அக்காவைக் கூடாரத்தில் விட்டுவிட்டு, காரில் போய்ப் பூங்காக் காவலரை அழைத்து வந்தேன்.

காவலர் கேட்டது ஒன்றுதான்: எந்தப் பக்கம் போனார்?

"தெரியாது. நாங்கள் கேக்கேல்லை" என்றார் அக்கா. நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

மனைவிதானே, ஏன் கேட்கவில்லை என்றார் காவலர். புறப்படுகிறவரிடம் எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெடும் என்பது எங்கள் வழக்கம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துவிட்டு, அகலமான வடக்குப் பிளவிலிருந்து தொடங்கலாம் என்றார். தன் வானொலிக் கருவியில் ஆட்களையும் வரவழைத்தார். இருட்டும்வரை தேடினார்கள். பிறகு விடியும்வரை எதுவும் செய்ய முடியாது என்றார்கள்.

அக்கா காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் போத்தல் முடிஞ்சிருக்கும், என்ன?"

"ஓம், அக்கா."

"வடக்காலதான் போயிருப்பார். இல்லையே?"



மறுநாள் காலை தெற்குப் பிளவில், ஒரு பாறையின் நிழலில் அவருடைய உடல் கிடைத்தது. கூடாரத்திலிருந்து அரை மணி நேர நடை.