மழையில் திறக்க மறுத்த கத்தி

என் மனைவியின் தம்பி வேலை விஷயமாக பிரான்சு போய்விட்டு வந்தபோது அக்காவுக்கு வாசனை சோப்பும் எனக்கு ஒரு மடக்குக் கத்தியும் வாங்கி வந்தான். அவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறவன். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். ஐம்பதைத் தாண்டியவன். இதுவரை யாரோடும் கைகலப்பில் இறங்கியதில்லை. எனக்கு எதற்குக் கத்தி என்று அவனிடமே கேட்டேன்.

"மாமா, இது சும்மா கத்தி இல்ல. அந்த ஊர்ல விவசாயிங்க எல்லாம் பாக்கெட்ல இத்தத்தான் வச்சிகினு இருப்பாங்களாம். ரொட்டி, பழம் எல்லாம் இதாலதான் வெட்டுவாங்க. தாத்தா காலத்துலேர்ந்து இதே டிசைன்" என்றான்.

என் அப்பாவும் வெள்ளானூரில் விவசாய வேலைதான் பார்த்தார், அடுத்தவர் நிலத்தில். அவர் பாக்கெட்டில் என்ன வைத்திருந்தார் என்று யோசித்துப் பார்த்தேன். அவருக்குப் பாக்கெட் வைத்த உடுப்பே கிடையாது.

மச்சான் கத்தியை என் பக்கம் நீட்டினான். தையல் மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த என் மனைவி காலை நிறுத்தினாள்.

"கைல குடுக்காதடா. கீழ வை, அவரு எடுத்துக்கட்டும். கத்தி கைமாறுனா சண்ட வரும்."

அவன் சிரித்துக்கொண்டே மெஷின் பலகை மேல் வைத்தான். நான் எடுத்துக்கொண்டேன். சண்டை வராமல் இருக்க வேண்டிய ஏற்பாடுகள் எல்லாம் முறைப்படி செய்யப்பட்டன.

கத்தி அழகாகத்தான் இருந்தது. வெளிர் மஞ்சள் நிறத்தில் வழவழவென்று மரப்பிடி. அதிலிருந்த பிளவுக்குள் அலகு மடங்கிப் படுத்திருந்தது. அலகின் ஓரத்தில் நகம் வைத்து இழுக்க ஒரு சின்னப் பள்ளம். இழுத்து விரித்தபின் கழுத்தில் இருக்கிற எஃகு வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும், விரல் மேல் மடங்காது. மடக்கிவிட்டுத் திருப்பினால் பாக்கெட்டுக்குள் தானாகத் திறக்காது. பொத்தான், சுருள்கம்பி எதுவும் இல்லை. வாழ்க்கையில் பாதி நாள் நட்டு, போல்ட்டு, வாஷர் எண்ணிக் கழித்தவனுக்கு, இவ்வளவு குறைவான பாகங்களில் ஒரு பொருள் வேலை செய்வது மரியாதைக்குரிய விஷயமாகப் பட்டது. அன்று மாலை முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து அந்த வளையத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"இன்னாயா, தாயத்தாட்டம் அத்தயே உருட்டிகினு கீற?" என்றாள் மனைவி.

சிக்கல் என்னவென்றால் எங்கள் வீட்டில் அந்தக் கத்திக்கு வேலை காலியில்லை. சமையலறையில் காய்கறிக்கு ஒரு கத்தி, மீனுக்கு அருவாமனை. துணிக்கு மனைவியின் கத்திரிக்கோல், அதை நான் தொடக்கூடாது. ஆகவே கத்தியைத் தூக்கிக்கொண்டு வெளியே வேலை தேடக் கிளம்பினேன். கம்பெனியில் டீ நேரத்தில் கொய்யாப்பழத்தை எடுத்து வைத்து, வளையத்தைத் திருப்பி, அலகை விரித்து, மறுபடி வளையத்தைத் திருப்பி, நாலு துண்டாக வெட்டினேன். பக்கத்தில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா மாமே, இந்த வயசுல ரவுடி ஆவப் போறியா?"

கொய்யாப்பழத்தை மட்டும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் எலுமிச்சம்பழம் வெட்டினேன். பளபளவென்றிருந்த அலகு கறுத்துத் திட்டுத்திட்டாகிவிட்டது. பதறிப்போய் மச்சானுக்கு போன் செய்தேன். "அது அப்பிடித்தான் மாமா. கறுக்க கறுக்கத்தான் அழகு. அதுக்கு தனியா ஒரு பேரே கீது" என்றான். எங்கள் வீட்டில் கறுத்துப்போன பாத்திரங்களுக்கும் பெயர் உண்டு. மனைவி அதைச் சொல்லிச் சொல்லித்தான் தேய்ப்பாள்.

இன்னொரு நாள் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது போலீஸ் சோதனை. வண்டிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். இருபத்தைந்து வயதுகூட இருக்காத ஒரு போலீஸ்காரர் கத்தியை எடுத்துப் பார்த்தார்.

"இது இன்னா?"

"பழம் வெட்றதுக்கு சார்."

"பழம் எங்க?"

திருதிருவென்று விழித்தேன். அன்று பழம் கிடைக்கவில்லை. கம்பெனி அடையாள அட்டையைக் காட்டி, பிரான்சு நாட்டு விவசாயிகளைப் பற்றிக் கொஞ்சம் எடுத்துச் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. என் தொப்பையைப் பார்த்துத்தான் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு பெட்டியில் எப்போதும் ஒரு கொய்யாப்பழம் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. சேக்காட்டில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். வீட்டுச் சுவர் வியர்த்தது, உப்பு இளகியது, அலமாரிக் கதவு மூட மறுத்தது. கத்தி என் சட்டைப் பையில் இருந்தபடியே நனைந்து காய்ந்து நனைந்தது. மழையில் கொய்யாப்பழம் விற்க யாரும் வராததால் அதைத் திறந்து பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

அந்த மழைக்கு நடுவில்தான் மச்சான் பாரிவாக்கத்தில் வாங்கியிருந்த புது ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம் வந்தது. மூன்றாவது மாடி. ஏரியைப் பார்த்த வீடு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நாங்கள் போன அன்று ஏரியே வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. பசுமாட்டை மாடிக்கு ஏற்ற முடியாது என்பதால் கீழே கார் நிறுத்தும் இடத்திலேயே அதற்குப் பூஜை முடித்து, அகத்திக்கீரை கொடுத்து அனுப்பிவிட்டு மேலே ஏறினோம்.

வாசலில் குறுக்கே சிவப்பு ரிப்பன். மச்சான் மனைவி கோயம்புத்தூர்ப் பெண், எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். தட்டில் பூ, குங்குமம், சந்தனம் எல்லாம் வைத்திருந்தாள். கத்திரிக்கோல் மட்டும் பழைய வாடகை வீட்டிலேயே தங்கிவிட்டது.

"அடடா, மறந்துட்டனுங்களே" என்று தலையில் கைவைத்தாள்.

ஐயருக்கு அதே கட்டிடத்தில் அடுத்த மாடியில் இன்னொரு கிரகப்பிரவேசம் இருந்தது. "நாழியாறது, நாழியாறது" என்றார்.

மச்சான் என் பக்கம் திரும்பினான். "மாமா, உங்க கத்தி கீதா?"

அந்தக் கேள்விக்காக நான் எத்தனை மாதமாகக் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். கூட்டம் விலகி வழி விட்டது. சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்தேன். வளையத்தைத் திருப்பினேன். அது முனகிக்கொண்டே திரும்பியது. பள்ளத்தில் நகத்தை வைத்து இழுத்தேன். அலகு வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். நகம் வந்துவிடும் போலிருந்தது. மரம் மழையில் ஊறி உப்பி அலகைக் கெட்டியாகக் கவ்விக்கொண்டிருந்தது. என்னிடமிருந்து மச்சான் வாங்கி இழுத்தான். அவன் ஆபீஸ் நண்பர் இழுத்தார். ஒருவர் எண்ணெய் விடச் சொன்னார், ஒருவர் குத்துவிளக்கில் காட்டச் சொன்னார்.

"பிடியோட பின்பக்கத்த கெட்டியா எதுலயாவது தட்டணும் மாமா. அலகு முனை தானா வெளிய வரும். வீடியோல பாத்தேன்" என்றான் மச்சான்.

வாசலுக்கு வெளியே தரை முழுக்கக் கோலம். ஆகவே நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ரிப்பனுக்குக் கீழே கையை நீட்டி, நிலைப்படிக்கு உள்ளே பளபளத்த புது டைல்ஸில் தட்டினேன். இரண்டு தடவை மெதுவாக. ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது தடவை, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கோபத்தில், ஓங்கித் தட்டினேன். படக்கென்று சத்தம். கத்தி திறந்துவிட்டது என்றே நினைத்தேன். டைல்ஸ் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை விரிசல் விட்டிருந்தது. அலகு இருந்த இடத்திலேயே இருந்தது.

ஐயர்தான் முதலில் சமாளித்தார். "திருஷ்டி கழிஞ்சதுன்னு வெச்சுக்கோங்கோ. உள்ள வாங்கோ."

என் மனைவி கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ரிப்பனின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். அது சாதாரண பூ முடிச்சு. அவிழ்ந்து கீழே விழுந்தது.

"கட்டுனத அவுக்கத் தெர்ல. இம்மாம்பேரு நின்னுகினு கத்திய தேடிகினு கீறீங்க."

பால் பொங்கியது. ஆனால் மச்சானின் முகம் சரியாகவில்லை. இட்லி பரிமாறும்போது என் பக்கத்தில் குனிந்து, "கொஞ்சம் மெதுவா தட்டக்கூடாதா மாமா? மொத நாளே ஒடச்சிட்டீங்களே" என்றான். அதை அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் என் மனைவிக்குக் கேட்டுவிட்டது.

"கத்திய வாங்கியாந்தது யாருடா? தட்டச் சொன்னது யாரு?"

"ஒடைக்கச் சொன்னேனாக்கா?"

"மரப்பிடில தட்டுனா ஒடையற தரைய வாங்கி வச்சிகினு எங்க ஊட்டுக்காரர கொற சொல்றியா?"

அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிவிட்டாள். எனக்குப் பிடித்த வெண்பொங்கல் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. தாம்பூலப் பைகூட வாங்காமல் கீழே இறங்கினோம். ஷேர் ஆட்டோவில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் படிப்புச் செலவுக்காக இரவல் வாங்கிய மெஷினில் துணி தைத்தவள். என் பையில் கிடந்த அந்தக் கத்தியை அப்படியே ரோட்டுத் தண்ணீரில் போட்டுவிடலாமா என்று எனக்கு இருந்தது. போடவில்லை. அந்நிய நாட்டுப் பொருள் அல்லவா.

அதன் பிறகு தம்பி போன் செய்யவில்லை, அக்காவும் செய்யவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் அவள் ஓடிப் போய்ப் பார்ப்பாள், பிறகு "யாரோ லோன் வேணுமான்னு கேக்கறாங்க" என்று என்னிடம் கொடுத்துவிடுவாள்.

மார்கழி பாதியில் கோயம்புத்தூர்ப் பெண்தான் கூப்பிட்டாள்.

"அண்ணா, அன்னிக்கு அக்கா சொன்னது என்ற மனசுலயே நின்னுக்குச்சுங்க. மரத்துல தட்டுனா டைல்ஸ் எப்படிங்க ஒடையும்? கரண்டிய வெச்சு ஹாலு பூரா தட்டிப் பாத்தனுங்க. பாதிக்கு மேல டொக்கு டொக்குன்னு சத்தம் வருதுங்கண்ணா. அடியில சிமெண்டு கலவையே இல்லாதாட்டம் இருக்குதுங்க."

அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்ல, பக்கத்து வீட்டுக்காரி மேல் வீட்டில் சொல்ல, ஒரே வாரத்தில் அந்தக் கட்டிடம் முழுவதும் மாலை வேளைகளில் கரண்டிகளோடு தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது. எல்லா வீட்டிலும் டொக்கு. குடியிருப்போர் சங்கம் கூடி பில்டருக்கு எழுதியது. பில்டர் அனுப்பிய எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு, தரையில் ஒரு குறையும் இல்லை, யாரோ ஆயுதத்தால் தாக்கியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் மச்சான் கூப்பிட்டான். "மாமா, அந்தக் கத்திய எடுத்துகினு ஒரு தபா வர்றீங்களா? இரும்பாலதான் அடிச்சிருக்கீங்கன்னு சாதிக்கறான் அந்தாளு."

வரவே மாட்டேன் என்று சொன்ன என் மனைவி, எனக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். "சாட்சி வாணாமா?" என்றாள்.

ஹாலில் சங்கத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எஞ்சினியர் இளைஞர், தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். என் கையிலிருந்து கத்தியை வாங்கினார். மழை விட்டபின் அடித்த வெயிலில் நன்றாகக் காய்ந்திருந்த அந்தக் கத்தி, அவர் நகத்தை வைத்ததும் வெண்ணெய் மாதிரி திறந்தது. வளையத்தைத் திருப்பி அவரே பூட்டியும் பார்த்துவிட்டார்.

"இவ்ளோ ஈஸியா திறக்குற கத்திய எதுக்கு சார் தரைல தட்டினீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போலீஸ்காரர் பழத்தைக் கேட்டபோது விழித்த மாதிரியே விழித்தேன்.

என் மனைவி கத்தியை அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி மடக்கினாள். கோயம்புத்தூர்ப் பெண் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு மக்கு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். கத்தி அதில் போடப்பட்டது.

"மத்த ஊட்டையெல்லாம் பாத்துட்டு, சாப்ட்டு வா சார். அப்பால தொறந்து காட்டு" என்றாள் என் மனைவி.

அவர் வேறு வழியில்லாமல் மற்ற வீடுகளைப் பார்க்கப் போனார். நாங்கள் சாப்பிட்டோம். அன்று விட்டுப்போன வெண்பொங்கல் இல்லை, சாம்பார் சாதம். அக்காவும் தம்பியும் நேராகப் பேசிக்கொள்ளாமல் அப்பளத்தை மட்டும் ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிக்கொண்டார்கள். சாயங்காலம் எஞ்சினியர் திரும்பி வந்தபோது மரம் நன்றாக உப்பியிருந்தது. அவர் இழுத்தார். கர்சீப்பைச் சுற்றி இழுத்தார். முகம் சிவந்தது.

"இப்ப பின்னாடி தட்டுங்க சார், தரைல. ஒண்ணும் ஆவாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றான் மச்சான்.

எஞ்சினியர் கத்தியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களின் கரண்டிகளைப் பார்த்தார். "வேணாம் சார்" என்று கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டு பில்டருக்கு போன் போட்டார்.

தை மாதம் எல்லா வீட்டிலும் ஹால் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட ஒத்துக்கொண்டார்கள். புது டைல்ஸ் பழையதைவிட ஒரு சாயல் மங்கலாக இருந்தது என்பதில் மச்சானுக்கு இன்றுவரை வருத்தம். வேலை முடியும்வரை அந்தத் தூசியில் இருக்க முடியாது என்று அவனும் அவன் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். குளியலறைக்காக தினமும் காலையில் அக்காவும் தம்பியும் சத்தம் போட்டுக்கொண்டார்கள். கோயம்புத்தூர்ப் பெண் என் கத்தியை எடுத்து, எனக்குத் தோன்றாத ஒரு காரியமாக, பிடி முழுக்கத் தேங்காயெண்ணெய் தடவி மாடி வெயிலில் வைத்தாள். அதிலேயே பீன்ஸ் நறுக்கவும் ஆரம்பித்துவிட்டாள். நான் கொய்யாப்பழத்துக்குக் கேட்டால், "கொஞ்சம் இருங்கண்ணா, பொரியலுக்கு ஆகட்டுமுங்க" என்றாள்.

அவர்கள் கிளம்பிய அன்று என் மனைவி தோசை மாவு, ஊறுகாய், தைத்து வைத்திருந்த இரண்டு ஜாக்கெட் எல்லாம் கட்டிக் கொடுத்தாள். கார் தெருமுனை திரும்பியது. அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். சிறிது நேரத்தில் அதே கார் திரும்பி வந்தது. போன் சார்ஜரை விட்டுவிட்டானாம். சார்ஜரை எடுக்க உள்ளே வந்தவன், இன்னா குழம்பு என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்துவிட்டான்.