ரிவர்ஸில் போன விந்து

போன மாதம் அன்னூரில் ஒரு கல்யாணம். எல்லோரும் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் மண்டபத்துக் கழிப்பறையில்... அரை மணி நேரமாக! அடிவயிறு கல்லாகிவிட்டது. ஒரு சொட்டு சிறுநீர்கூட வரவில்லை.

தப்பு என்னுடையதுதான். ஐம்பத்தெட்டு வயதில் ப்ராஸ்டேட் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். சிறுநீர் தாராளமாகப் போனது. ஆனால் இரண்டாவது வாரம், மனைவி கவிதாவோடு இருந்தபோதுதான் அதிர்ச்சி. எல்லாம் வழக்கம்போல நடந்தது. உச்சமும் வந்தது. விந்து மட்டும் வரவில்லை — சுத்தமாக.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் சுகர் அளவைச் சொல்லும் ஆள் நான். இதற்கு வாயே வரவில்லை. கவிதாவிடமும் மறைத்தேன். என் கதை முடிந்தது என்று நானே தீர்ப்பெழுதி, மாத்திரையை நிறுத்தினேன். நாலாம் நாள்தான் அன்னூர்.

பீளமேட்டில் ஓர் ஆஸ்பத்திரி. குழாய் செருகிய பிறகுதான் உயிர் வந்தது. சிறுநீரக டாக்டர் என் மூத்த மகள் வயதுப் பெண். மாத்திரையை ஏன் நிறுத்தினேன் என்று கேட்டார். பக்கத்தில் கவிதா.

"சும்மாதானுங்க" என்றேன்.

"விந்து வரலைன்னு நிறுத்திட்டீங்களா சார்?"

நான் ஃபேனைப் பார்த்தேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். உச்சத்தின்போது சிறுநீர்ப்பையின் வாய் இறுக மூடிக்கொள்ளும். அதனால் விந்து முன்பக்கம் வரும். இந்த மாத்திரை அந்தத் தசையைத் தளர்த்துகிறது. சிறுநீர் சுலபமாகப் போவதும் அதனால்தான். விந்து பின்வாங்கிச் சிறுநீர்ப்பைக்குள் போவதும் அதனால்தான். அடுத்தமுறை சிறுநீரோடு வெளியேறிவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. குழந்தை வேண்டும் என்பவர்களுக்குத்தான் சிக்கல். பிடிக்கவில்லையென்றால் வேறு மருந்து பார்க்கலாம். நாமாக நிறுத்தக் கூடாது.

ஆக, போய்விட்டதே என்று நான் துக்கம் கொண்டாடியது, டாய்லெட் வழியாக ஜம்மென்று போயிருக்கிறது!

கவிதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ரெண்டு புள்ளைங்களையும் கட்டிக் குடுத்தாச்சு. இனி அது முன்னால போனா என்ன, பின்னால போனா என்னங்க?"

நர்ஸ் சட்டென்று திரும்பிக்கொண்டார். டாக்டர் கேஸ் ஷீட்டில் ரொம்ப நேரம் எதையோ தேடினார்.

காரில் வரும்போது கவிதா சிரிக்கவில்லை. "எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க கூச்சம்?" என்றாள். முப்பத்தைந்து வருஷமாக ஒரே கட்டிலில் படுக்கிறோம். என்ன கூச்சம், சொல்லுங்கள்?

ஒருத்தியிடம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்... இப்போது உங்கள் அத்தனை பேரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.