ஓடும் காற்றாலையின் கீழே

எங்கள் டண்டினொங் வீட்டு வேலிக்கு அப்பால் இருந்த டச்சுக்காரி அன்னெகே, காலையில் கதவைத் திறந்ததும் விரலை நனைத்துக் காற்றில் பிடித்துப் பார்ப்பாள். மெல்பேர்னில் அப்படிச் செய்கிற வேறு எவரையும் நான் கண்டதில்லை. அவளுடைய தகப்பன் ஹொலண்டில் ஒரு காற்றாலையில் தனியாக இருந்தார். பாட்டன் பூட்டன் காலத்து ஆலை. இந்த எழுபதுகளிலும் ஊர் பேக்கரிக்கு மாவு அதில்தான் அரைபடுகிறது. தங்கையின் கலியாணத்துக்கு நான் லண்டன் போகிறேன் என்றதும், அப்படியே கடல் தாண்டிப் போய் அவரை இங்கே வரும்படி கேட்டுப் பார்க்கச் சொன்னாள்.

நான் போனபோது அவர் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தார். ஆலையின் இடுப்பைச் சுற்றி ஆள் நிற்கிற மரத்தட்டு; அதில் போய் நின்றோம். வீட்டுக் கூரைகள் எல்லாம் அதற்குக் கீழே கிடந்தன. நான் வாயெடுக்கும்போதே மேற்கு வானம் கறுத்துக் காற்று மோதியது. அவர் பிரேக்கைப் போட்டார். பாய்த்துணி விரித்த இறக்கைகள் நிற்கவில்லை. இன்னும் வேகமாக எங்களுக்கு முன்னால் வெட்டி இறங்கின. தலைக்கு மேலேயிருந்து பிரேக் மரம் உரசிக் கருகும் மணம் வந்தது.

இறக்கைகள் பூட்டிய ஆலைத் தலையைக் காற்றிலிருந்து திருப்பினால்தான் இறக்கைகள் நிற்கும். அதற்கான பெரிய சக்கரத்தை இருவருமாகச் சுற்றினோம். பாதியில் அவர் அதை என்னிடம் விட்டுவிட்டுத் தண்ணீர் வாளியோடு மேலே ஓடினார். நான் நெஞ்சை அதில் அழுத்திக்கொண்டு நின்றேன். பிடித்திருக்கிறாயா என்று மேலேயிருந்து ஆங்கிலத்தில் கத்தினார். பயத்தில் எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

"ஓம், ஓம்" என்றேன்.

புகைந்ததை அணைத்துவிட்டு அவர் இறங்கி வந்து மிச்சத்தையும் சுற்ற, இறக்கைகள் தளர்ந்து நின்றன. டச்சில் 'ஓம்' என்றால் மாமாவாம். இந்தத் தட்டில் தன்னை ஒருவர் அப்படிக் கூப்பிட்டுக் கனகாலம் என்றார். எங்கள் தமிழில் அது 'ஆம்' என்று நான் திருத்தவில்லை. மகள் வரச்சொல்கிறாள் என்றேன்.

"இண்டைக்கு ரெண்டு பேர் நிண்டும் இந்தப் பாடு. நானும் வந்திட்டு, இங்கே ஒருத்தரும் இல்லாட்டி?" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம், இதை அன்னெகேயிடம் எப்படிச் சொல்வது என்ற பயம். எங்கள் குசினியில் அவளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, புகையைக்கூட மறைக்காமல் சொன்னேன். அவள் தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"இப்ப அங்கே விடிஞ்சிருக்கும்" என்றாள்.

தலையாட்டினேன். ஆனால் என் மனம் அதற்குள் யாழ்ப்பாணத்து நேரத்தைக் கணக்குப் பார்த்துவிட்டது. அங்கே மத்தியானம், என் அப்பா தனியே சாப்பிட இருக்கிற நேரம். யன்னலுக்கு வெளியே டண்டினொங்கில் பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. லைட்டைப் போட இருவரும் எழும்பவில்லை.