எரிமலையில் ஈரத் துண்டு

இந்தோனேசியாவில் ஓர் எரிமலைத் தீவு. அங்கே மலையேறி எரிமலை வாயை ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு வருடம் துடித்தவன் நான். எண்ணூரில் பக்கத்து வீட்டிலிருக்கும் தோஸ்தையும் இழுத்துக்கொண்டு போனேன். கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். மலை என்றாலே கொட்டாவி விடுவான்.

காலையில் ஏறத் தொடங்கினோம். கூடவே பெங்களூரிலிருந்து வந்த தமிழ்க் கூட்டம் ஒன்று. சரிவெல்லாம் கணுக்கால் புதையும் கறுப்புச் சாம்பல். அதை அள்ளிக் கன்னத்தில் பூசிக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். ஒருத்தி கண்ணை மூடி, "பூமியோட மூச்சு!" என்றாள். அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொடித் துணியிலிருந்து தினமும் உதறுகிறவனிடம் சொல்கிற பேச்சா இது?

"இன்னா மாமு, நம்ம வூட்டு மாடில கீறத பாக்கவா ஏரோப்ளேன்ல இட்டாந்த?" என்றான் தோஸ்து.

"மூடிகினு ஏறுடா. மேல போனா தெரியும்."

ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் வழிகாட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தபோது நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அவசரம் எனக்கு.

எரிமலை வாய்க்கு இன்னும் ஒரு வளைவுதான் பாக்கி. காற்று திரும்பியது. அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் சுருக்கென்று ஏறியது. ஆலையில் அடிக்கடி வாயு கசியும் எங்கள் பக்கத்தில் மூக்கு எரிந்தால் யாரும் நின்று யோசிப்பதில்லை. துண்டை நனை, மூக்கில் கட்டு, காற்றுக்குக் குறுக்கே ஓடு. வாய்ப்பாட்டுக்கு முன்னால் படித்த பாடம்.

"கேஸுடா! ஓடு!" என்று கத்தியது நான்தான்.

தோஸ்து பாட்டில் தண்ணீரைத் துண்டில் கவிழ்த்து, பாதியைக் கிழித்து என்னிடம் எறிந்தான். "யக்கா, நிக்காத, வா!" என்று பெங்களூர்க்காரியையும் இழுத்தான். மொத்தக் கூட்டமும் சாம்பலில் சறுக்கிக்கொண்டு இறங்கியது. பூமியின் மூச்சுக்காரிதான் எல்லோருக்கும் முன்னால்.

பின்னாலேயே ஓடிவந்த வழிகாட்டி தலையில் கைவைத்துக்கொண்டான். கந்தக வாடை இங்கே எப்போதும் வருவதுதான், கீழேயே சொன்னேனே என்றான். மிரண்டு ஓடிய கூட்டத்தை அன்றைக்கு மறுபடி மேலே விடமாட்டார்களாம். கெஞ்சினேன். முடியாதென்று தலையை ஆட்டிவிட்டான்.

"படிச்சவங்கதானே நீங்க?" என்று சீறினாள் பூமியின் மூச்சுக்காரி.

"படிச்சதாலதான் ஓடினோம்," என்றான் தோஸ்து. "நீ எத்தப் படிச்சிட்டு ஓடின?"

அவள் கன்னத்துச் சாம்பல் வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது. எனக்கு ஒருகணம் மனசு குளிர்ந்தது. பிறகு அண்ணாந்து பார்த்தேன். அந்த ஒரு வளைவு அப்படியே நின்றது. எல்லோரையும் கிண்டலடித்த நான்தான் அதைக் கெடுத்த மடையன்.

ஊர் திரும்பியதும் தெருவில் எல்லோரும் எரிமலை வாயைக் காட்டு என்று போனைப் பிடுங்கினார்கள். கீழே எடுத்த சாம்பல் படங்கள்தான் இருந்தன.

"இத்தயா போய் பாத்த?" என்றாள் அம்மா.

தோஸ்து முந்திக்கொண்டான். "எல்லாம் நம்மூரு மாதிரிதாம்மா கீது. இன்னா, நாத்தம் வரசொல்ல ஓடினா அங்க திட்றானுங்கோ."