மீட்டர் செத்த விமானம்

விமானம் ஓட்டக் கற்றுத் தருபவன் என்றால் பெண் வீட்டார் நிமிர்ந்து உட்காருவார்கள்; திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி மாடியில், தரையை விட்டு ஓர் அங்குலமும் எழும்பாத சிமுலேட்டர் என்று தெரிந்ததும், "காபி ஆறுதுங்க, குடிங்க" என்பார்கள்.

உடைந்த கருவியை வைத்துப் பாடம் நடத்தும் லேப்காரர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். எங்கள் விமானத்துக்கு முன்னால் ஒரு திரை, இரு பக்கமும் ஒவ்வொன்று, முழங்காலருகே மீட்டர் காட்டும் சின்னத் திரை. அந்தச் சின்னது ஒரு மின்வெட்டில் போய்ச் சேர்ந்தது. இறக்கையின் பின்னால் இறங்கும் பலகையான பிளாப் எத்தனை படி இறங்கியிருக்கிறது, மூக்கைச் சமன் செய்யும் டிரிம் எங்கே நிற்கிறது, ஒன்றும் தெரியாது. பக்கத்துத் திரையில் தெரியும் இறக்கையை எட்டிப் பார்த்துத்தான் பிளாப்பைச் சொல்ல வேண்டும். புதுத் திரை கேட்டு ஆறு கடிதம் எழுதிவிட்டேன்.

ஸ்டார்ட்டர் பழக்கம்

எருமப்பட்டி மாணவன் பூபதி தோட்டத்து மோட்டாரோடு வளர்ந்தவன். பொத்தானை ஒருமுறை அமுக்கினால் பிளாப் ஒரு படி இறங்கும், கிளம்ப ஒரு படி போதும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். விமானம் தவளை மாதிரி எழும்பி, ஏற முடியாமல் அடுத்த வயலில் விழுந்தது. எட்டிப் பார்த்தால் பிளாப் முழுக்கத் தொங்குகிறது. எத்தனை முறை அமுக்கினாய் என்றேன்.

"நாலு தடவைங்க சார். எங்க ஊட்டு ஸ்டார்ட்டர் மொத அமுக்குல புடிக்காதுங்க."

தறிக் காது

பெற்றோர் வருகை நாளில் குமாரபாளையத்து விசைத்தறிக்காரர் சாந்தாமணி வந்தார். மகள் நித்யா தரையிறக்கிக்கொண்டிருந்தாள். இறங்க மூன்று படி வேண்டும் என்று உரக்கச் சொல்லியிருந்தேன். எத்தனை போட்டோம் என்று அவளுக்கும் மறந்தது, எனக்கும் மறந்தது. "இன்னும் ஒண்ணு போடு சாமி" என்றார் அம்மா, கதவருகே நின்றபடி. போட்டாள், பூப்போல இறங்கியது. இறக்கையைப் பார்த்தேன். சரியாக மூன்று. அசந்துபோய், எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"ஒவ்வொரு அமுக்குக்கும் ஸ்பீக்கர் ஒருக்கா உறுமுதுங்க, ரெண்டு தடவதானுங்க உறுமுச்சு. எந்தத் தறி நின்னுச்சுன்னு நாங்க காதுலதானுங்க பாக்கறோம்."

ஏழாவது கடிதம்

ஏழாவது கடிதத்துக்குத் தாளாளரே நேரில் வந்துவிட்டார். ஒரு காலத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஓட்டியவர். உண்மையை ஒப்புக்கொள்கிறேன்: அவர் வருமுன் டிரிமைக் கன்னாபின்னாவென்று திருகி வைத்தேன். அவரே ஓட்டி அவரே விழுந்தால் திரை வந்துவிடும் அல்லவா? மலைக்கோயில் பக்கம் ஒரு கும்பிடும் போட்டேன். பறந்துகொண்டிருந்த விமானத்தை அவரிடம் ஒப்படைத்தேன்.

மனிதர் உட்கார்ந்ததும் இரண்டு கையையும் விட்டுவிட்டார். மூக்கு கவிழ்ந்தது. டிரிம் சக்கரத்தைக் கொஞ்சம் திருகினார், மறுபடி கையை விட்டார். மூன்றாவது தடவை விமானம் கோடு போட்ட மாதிரி நின்றது. "லாரி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு கையை உட்டாத்தானுங்க தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இறக்கியும் விட்டார். மாணவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அழாத குறையாக. என் கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"நல்லாத்தானே ஓடுது சாமி, இதுக்கெதுக்குத் திரை? பக்கத்துல இருக்கற ரெண்டையும் கழட்டி ஆபீசுக்கு அனுப்பிடுங்க."

இப்போது இறக்கையும் தெரியாததால், சாந்தாமணி அம்மாவை வாரம் இரண்டு நாள் பணியில் அமர்த்தும்படி எட்டாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.